கண் உள்ளே வரட்டும்

குரு என்றதும் ஆலமரத்தடியும் வெண்தாடியும் ஞாபகத்துக்கு வந்தால் அவற்றைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்தக் கதையின் குருவுக்குத் தலையில் ஹெல்மெட், காலில் பாதுகாப்பு ஷூ, மூக்கில் தடித்த கண்ணாடி. பெயர் கோமளவல்லி.

இடம், திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடி. பாய்லர் செய்யும் பட்டறைகள் வரிசையாக இருக்கும். செய்து முடித்த இரும்பை அறுக்காமல், உடைக்காமல், கண்ணால் பார்த்தே தேறுமா தேறாதா என்று சொல்வது கோமளவல்லியின் தொழில். நாலைந்து பேரை வைத்துச் சின்னதாக ஓர் ஆய்வு நிறுவனம் நடத்தினார். பட்டறைக்காரர்கள் நேரில் மேடம் என்பார்கள். அவர் கேட்டைத் தாண்டியதும் சோடாபுட்டி என்பார்கள்.

அது அவருக்கும் தெரியும். "உள்ள கோலி பத்திரமா இருக்குல்ல, அது போதும்" என்று சிரித்துக்கொள்வார்.

சீடர் அவரைவிட வயதில் மூத்தவர். வையாபுரி. ஐம்பதைத் தாண்டியவர். காலமெல்லாம் வெல்டராக இருந்தவர். ஒரு நாள் வலது தோள்பட்டை போதும் என்று சொல்லிவிட்டது. டாக்டரும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு பொடியன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆய்வுப் படிப்பு படித்து, தேறி, கோமளவல்லியிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

இதுவும் போனால் அடுத்தது ஏதாவது ஒரு கேட்டில் வாட்ச்மேன் நாற்காலிதான். அவரோடு வெல்டிங் செய்த சிநேகிதர் ஒருவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற லாரிக்கெல்லாம் எழுந்து நிற்பார். வையாபுரி அந்தப் பக்கம் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டுவார்.

சேர்ந்த புதிதில் வையாபுரி ஒரு கேள்வி கேட்டார்.

"மேடம், எக்ஸ்ரே இருக்கு, அல்ட்ராசானிக் இருக்கு. இவ்வளவு மெஷின் இருக்கையில வெறும் கண்ணுல பாக்குறது எதுக்கு?"

கொஞ்ச நேரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் ஆட்கள் வந்தார்கள். பெட்டியை இறக்கினார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டார்கள்.

"எங்க எடுக்கணும் மேடம்?"

கோமளவல்லி திரும்பி வையாபுரியைப் பார்த்தார். வையாபுரி டார்ச்சை எடுத்துக்கொண்டு பாய்லர் பக்கம் போனார்.

இன்னொரு நாள் ஒரு வெல்டிங்குக்கு நேர் எதிரே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றிருந்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணும் தெரியல மேடம். வெளிச்சம் பத்தல போல."

கோமளவல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்தார். வெளிச்சம் பிளேட்டோடு ஒட்டிப் படுத்துப் போனது. வெல்டிங் ஓரத்தில் இரும்பு கரைந்து விழுந்திருந்த சின்னப் பள்ளம் நிழலாக எழுந்து நின்றது.

"வெளிச்சம் கூடிப்போச்சுண்ணே. நிழலைக் கொஞ்சம் விடுங்க."

மூன்றாவது பாடம் பாய்லர் டிரம்முக்குள் நடந்தது. டிரம் என்றால் ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு ஒரு பெரிய இரும்பு உருளை. மேன்ஹோல் என்கிற வட்டத் துவாரம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே பங்குனி வெயில். இருவரும் உள்ளே போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். வையாபுரி உடனே டார்ச்சைப் போட்டார். கோமளவல்லி அதை வாங்கி அணைத்தார்.

இருட்டு. இரும்பு வாசனை. வெளியே கிரைண்டர் சத்தம்.

வையாபுரிக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கு மேடம் சும்மா உக்காந்திருக்கோம்?"

"நாம வந்துட்டோம். கண்ணு இன்னும் வெயில்ல நிக்குதுல்ல? உள்ள வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் டிரம்மின் வளைவு தெரிந்தது. பிறகு வெல்டிங்கின் வரிகள். பிறகு கோமளவல்லியின் மூக்குக்கண்ணாடியில் மேன்ஹோலின் சிறிய வட்டம். வையாபுரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்த அம்மாள், "சரி, சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றார்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர.

வையாபுரிக்குக் கிட்டத்துப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. பஸ் வருவது தூரத்திலேயே தெரியும். கையில் இருக்கும் டிக்கெட்டைப் படிக்க முடியாது. செல்போனை நீட்டி நீட்டிப் பிடித்ததில் கை நீளம் போதாமல் போனது. ஐம்பது வயதில் எல்லாருக்கும் வருவதுதான். கண்ணாடிக் கடையில் கால் மணி நேரத்து வேலை.

ஆனால் வையாபுரி போகவில்லை. தோள் போனதை ஊர் பார்த்தது. இப்போது கண்ணும் போனது என்று பார்க்க வேண்டுமா? அவர் வெல்டராக இருந்த காலத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த ஆய்வாளர்களை முதுகுக்குப் பின்னால் கேலி செய்ததில் அவருக்கும் பங்கு உண்டு. சோடாபுட்டி என்ற பெயரைக் கோமளவல்லிக்கு யார் வைத்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆய்வாளராக இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு கண் பரிசோதனை உண்டு. ஒரு வெள்ளை அட்டை. அதில் எழுத்துகள் மேலிருந்து கீழே சிறுத்துக்கொண்டே போகும். ஒரு அடி தூரத்தில் வைத்துக் கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும். கண்ணாடி போட்டுப் படித்தாலும் செல்லும். விதி அப்படித்தான். வையாபுரியின் மனசு விதியைவிடக் கறாராக இருந்தது.

அட்டை நிறுவனத்தின் அலமாரியில்தான் இருந்தது. ஒரு நாள் மதியம் யாரும் இல்லாதபோது அதைச் செல்போனில் படம் எடுத்தார். வீட்டில் மகள் படத்தைப் பெரிதாக்கிப் படித்துக் காட்டினாள். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, "வேலை விஷயம்" என்றார். பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது.

ஒரு வாரத்தில் பத்தி முழுவதும் மனப்பாடம்.

அந்தச் சமயத்தில் ஒரு பட்டறையில் அரிசி ஆலைக்குப் போக வேண்டிய பாய்லர் தயாராகிக்கொண்டிருந்தது. நெல் அவிக்கும் பாய்லர். மேன்ஹோல் வளையத்தை டிரம்மோடு சேர்த்து வெல்டிங் செய்தவன் இளவழகன். வையாபுரியின் அக்கா மகன். வெல்டிங் ஹோல்டரை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே வையாபுரிதான். மருமகன் வேலையை மாமன் சரிபார்ப்பதா என்று அந்தப் பட்டறையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் வளையத்தை முடித்தான். சூடு ஆறியதும் வையாபுரி பார்த்தார். மருமகனின் கை அவருக்குத் தெரியும். கோலம் போட்டதுபோல் வரி வரியாக இருந்தது. ஒரு ஊசிப் பொத்தல் கிடையாது. தோளில் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பட்டறையைக் கழுவி, மாவிலை கட்டி, லேத்துக்கும் கிரைண்டருக்கும் கிரேனுக்கும் பொட்டு வைத்தார்கள். டிரம்முக்கும் வைத்தார்கள். எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. மேன்ஹோல் வட்டம் முகம் மாதிரி இருக்கிறதல்லவா? அதன் மேல் விளிம்பில் திருநீற்றுப் பட்டை, பட்டைக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒரு சாமந்திப்பூ. பார்க்க லட்சணமாக இருந்தது. பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு எல்லோரும் விடுமுறைக்குப் போனார்கள்.

விடுமுறை முடிந்து கோமளவல்லியும் வையாபுரியும் வந்தார்கள். பட்டறை முதலாளி அவர்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தண்ணீர்க் குழாய் மாட்டித் தயாராக இருந்தது. கண்ணால் பார்க்கும் ஆய்வு முடிந்ததும் டிரம்மில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். அது தாங்கினால் லாரியில் ஏற்றிவிடலாம்.

"அறுவடை ஆரம்பிச்சாச்சு. அரிசி ஆலைக்காரர் மணிக்கொரு தரம் போன் பண்றார் மேடம்."

"பாத்துரலாம்ங்க. அதுக்கு முன்னாடி எங்க அண்ணனுக்கு ஒரு சின்ன வேலை இருக்கு."

பட்டறையின் ஆபீஸ் அறையில் கோமளவல்லி வெள்ளை அட்டையை எடுத்தார். ஸ்கேலை வைத்து வையாபுரியின் முகத்திலிருந்து ஒரு அடி அளந்து அட்டையைப் பிடித்தார்.

"கடைசிப் பத்தி படிங்க அண்ணே."

வையாபுரியின் கண்ணுக்கு அங்கே சாம்பல் பூசியதுபோல் ஏதோ இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார்.

"கிணற்றடியில் வாழை வைத்தவர் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். வாழை குலை தள்ளியது. பழம் பழுக்கட்டும் என்று காத்திருந்தார். பழுத்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்."

முடித்துவிட்டு நிமிர்ந்தார். கோமளவல்லி அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மேடம், சான்றிதழ்ல கையெழுத்து?"

"டிரம்மை முடிச்சுட்டுப் போட்டுக்கலாம். நீங்க பாருங்க. நான் கூட வர்றேன்."

கையெழுத்து விழாதவரை வையாபுரி ஆய்வாளர் இல்லை. வெறும் வையாபுரி. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று டிரம்மைச் சுற்றி நடந்தார். டார்ச்சைச் சாய்த்துத்தான் பிடித்தார். சொல்லிக்கொடுத்ததில் ஒன்றையும் விடவில்லை. ஆனால் கால் எங்கும் நிற்கவில்லை. நீள வெல்டிங், சுற்று வெல்டிங், குழாய் மூட்டுகள். எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போனார். இளவழகன் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். மாமா வேகத்தைப் பார்த்து அவனுக்குப் பெருமை.

மேன்ஹோல் வந்தது. திருநீறு, சந்தனம், குங்குமம், காய்ந்த சாமந்தி. வையாபுரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

"அண்ணே, இது?"

"இது பூஜைக்கு முந்துன நாளே பாத்தது மேடம். அழகன் கை. சுத்தமா இருந்துச்சு."

"சரி. அது அன்னைக்கு."

வையாபுரி நின்றார். "சாமி பொட்டு இருக்கே மேடம்."

கோமளவல்லி ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். சந்தனத்தை ஈரத் துணியில் வழித்தெடுத்துக் கழுத்தில் தடவிக்கொண்டார். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதலாளி பதறினார். "மேடம், பூஜை பண்ணுனதை அழிக்கலாமா?"

"அழிக்கலைங்க. எடுத்துக்கிட்டேன்." மிச்சமிருந்த திருநீற்றையும் துடைத்துவிட்டு வையாபுரிக்கு வழிவிட்டார். "பாருங்க அண்ணே."

வையாபுரி டார்ச்சைச் சாய்த்துக் குனிந்தார். கோலம் போட்ட அதே வரிகள். மங்கலாகத்தான் தெரிந்தன. ஆனால் அவை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமே.

"சுத்தமா இருக்கு மேடம்."

வையாபுரிக்குப் பக்கத்தில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இளவழகன் கையை அவிழ்த்தான்.

"மாமா..."

"என்னடா?"

"அங்க ஒரு கோடு இருக்கு மாமா."

"எங்க?"

"உங்க டார்ச்சுக்கு நேரா. வெல்டிங் ஓரத்துல."

வையாபுரி இன்னும் கிட்டே போனார். கிட்டே போகப் போக மங்கியது. தலையைப் பின்னால் இழுத்தார். கோடு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல அவரால் முடியவில்லை. இருபத்தெட்டு வயசுப் பையனுக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை.

கையை நீட்டினார். கோமளவல்லி பூதக்கண்ணாடியைக் கொடுத்தார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தபோது அது இருந்தது. தலைமுடி கனம். கட்டைவிரல் நீளம். சந்தனம் இருந்த இடத்துக்குச் சரியாகக் கீழே, வளையமும் டிரம்மும் சேரும் விளிம்பில் ஓடியது.

வெல்டிங் ஆறிய பிறகும் இரும்பு உள்ளுக்குள் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். சில விரிசல்கள் அன்றைக்கே வராது. மறுநாளோ, அதற்கும் மறுநாளோ மெதுவாக வரும். அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். வையாபுரியே இளவழகனுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அன்று அவர் பார்த்தபோது விரிசல் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. இரும்பு அதற்குள் மாறிவிட்டது.

வையாபுரிக்கு அரிசி ஆலை ஞாபகம் வந்தது. நெல் அவிக்கும் இடத்தில் பாய்லருக்குப் பக்கத்திலேயே பெண்கள் நெல்லைத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். அவர் அம்மா அப்படி ஓர் ஆலையில் நின்றவள்.

முதலாளி இந்தப் பக்கம் வந்தார். "என்ன வையாபுரி, எல்லாம் ஓகே தானே? தண்ணி விடச் சொல்லட்டுமா?"

கோமளவல்லி டிரம் மேல் சாய்ந்து நின்றுகொண்டு வையாபுரியையே பார்த்தார். இளவழகன் மாமா முகத்தைப் பார்த்தான். ஓகே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வையாபுரியின் பயம் சொல்லியிருக்கும்.

வையாபுரி பையிலிருந்து மஞ்சள் சாக்பீஸை எடுத்தார். கோட்டைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டம் கோணலாக வந்தது.

"விரிசல்ங்க. தண்ணி விடக் கூடாது. இதைத் தோண்டி எடுத்துட்டு மறுபடி வெல்டிங் அடிக்கணும்."

முதலாளி முகம் சுருங்கியது.

வையாபுரி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"இன்னொன்னும் சொல்லிடறேன். இதைப் பாத்தது அழகன்தான். நான் பாக்கல. எனக்குத் தெரியல. கொஞ்ச நாளாவே கிட்டத்துல எனக்குத் தெரியறதில்ல."

கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினான். எந்தப் பட்டறையில் கேட்கக் கூடாது என்று அவர் பயந்தாரோ அந்தப் பட்டறையிலேயே, தன் வாயாலேயே சொல்லியாயிற்று. காது சூடாகிவிட்டது. ஆனாலும், என்ன ஆச்சரியம், நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்தாற்போல இருந்தது.

முதலாளிக்குக் கோபத்தைக் காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

"நல்லா இருக்கு மேடம்! கண்ணு தெரியாத ஆளையா பாக்க அனுப்புறீங்க?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ற ஆளை அனுப்பியிருக்கேங்க" என்றார் கோமளவல்லி.

முதலாளி அரிசி ஆலைக்குப் போன் செய்யப் போனார். என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது. வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

இளவழகன் மாமாவிடம் வந்தான். "நான்தான் அவசரப்பட்டேன் மாமா. பூஜைக்குள்ள முடிக்கணும்னு பிளேட்டைச் சூடு பண்ணாமலே அடிச்சுட்டேன்."

"நான் தட்டிக் கொடுத்தேனே மாப்ள" என்றார் வையாபுரி.

இருவரும் சேர்ந்து அந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்தார்கள்.

பட்டறையை விட்டு வெளியே வந்ததும் வையாபுரி மெதுவாகக் கேட்டார். "நாளையில இருந்து நான் வரணுமா மேடம்?"

கோமளவல்லி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டி மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

"இது என்கிட்டயேதான் இருக்கும். நீங்க கண்ணாடிக் கடைக்குப் போயிட்டு வாங்க."

"பட்டறையில சிரிப்பாங்க மேடம்."

"ஆமா, சிரிப்பாங்க."

வையாபுரி கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு அந்தப் பேரை வெச்சது..."

"தெரியும்ணே. கடை ஒன்பது மணி வரைக்கும் திறந்திருக்கும்."

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வையாபுரி முதலில் பார்த்தது தன் கையை. வெல்டிங் பொறி பட்டுப் பட்டு விழுந்த தழும்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கடைக்காரர், "எப்படி சார் இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் பதில் சொன்னார். பஸ்ஸில் டிக்கெட்டில் இருந்ததை எல்லாம் படித்தார். கீழே, பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. பத்திரமாக வைத்துக்கொண்டார்.

பட்டறையில் சிரிக்கத்தான் செய்தார்கள். கிரேன் ஓட்டுபவர், "அடடே, சின்ன சோடாபுட்டி வந்தாச்சு" என்றார். வையாபுரி அவரை நிமிர்ந்து பார்த்து, "உங்க காதுல இவ்வளவு முடி இருக்கா? இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சே" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பு அந்தப் பக்கம் போய்விட்டது.

இளவழகன் விரிசலைத் தோண்டி எடுத்து, பிளேட்டைப் பதமாகச் சூடு செய்து, மறுபடி வெல்டிங் போட்டான். போட்டதும் பார்க்க வேண்டாம் என்று வையாபுரியே சொல்லிவிட்டார். இரும்பு ஆறி, இழுக்கிறதெல்லாம் இழுத்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். முதலாளிகூட அவசரப்படுத்தவில்லை. அவரும் அந்த மஞ்சள் வட்டத்தைப் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்திருந்தார்.

அப்புறம் ஒரு காலையில் வையாபுரி டிரம்முக்குள் போனார். சாக்கை விரித்தார். டார்ச்சைப் போடாமல் உட்கார்ந்தார். வெளியே இளவழகனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேன்ஹோல் வழியாகத் தலையை நீட்டினான்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"இருடா. கண்ணு வந்துக்கிட்டிருக்கு."

உள்ளே பார்த்து முடித்து, வெளியே வந்து சுற்றினார். இந்தத் தடவை நின்று நின்று போனார். ஓரிடத்தில் உட்கார்ந்தே விட்டார். அங்கே ஒன்றும் இல்லை, பிளேட்டில் பழைய கீறல். ஆனாலும் துடைத்து, டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்த பிறகே எழுந்தார். காலையில் ஆரம்பித்தது சாப்பாட்டு நேரத்துக்குத்தான் முடிந்தது. மேன்ஹோல் வளையத்தில் மட்டும் இரண்டு முறை சுற்றினார்.

"சரியா இருக்கு மேடம்" என்றார் கடைசியில்.

தண்ணீர் நிரப்பினார்கள். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் மெதுவாக ஏறியது. ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தும் இறங்கவில்லை. டிரம்மின் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இளவழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெல்டிங் புகை என்று சொல்லிக்கொள்ள முடியாது, அன்று யாரும் வெல்டிங் செய்யவில்லை.

லாரி வந்தது. கிளம்புவதற்கு முன் டிரம்முக்குப் பொட்டு வைக்க வேண்டுமே. இளவழகன் சந்தனக் கிண்ணத்தோடு மேன்ஹோலுக்கு முன்னால் வந்து நின்றான். விரலை நீட்டினான். நிறுத்தினான். வெல்டிங்கை விட்டு ஒரு சாண் தள்ளி, வெறும் பிளேட்டின் மேல் வைத்தான்.

"இங்க இருந்தாலும் சாமிக்குத் தெரியும்ல மாமா?"

"எனக்கே தெரியுதேடா" என்றார் வையாபுரி.

லாரி போனதும் கோமளவல்லி ஆபீஸ் அறைக்கு வந்தார். ஸ்கேலை எடுத்தார். ஒரு அடி அளந்தார். அட்டையைப் பிடித்தார்.

"கடைசிப் பத்தி."

வையாபுரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

"கிணற்றடியில்... வாழை வைத்தவர்... தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். வாழை குலை தள்ளியது." இங்கே நிறுத்தி, அட்டையில் இருந்த ஒரு கறையை எழுத்தா என்று பார்த்தார். கறைதான். "பழம் பழுக்கட்டும் என்று காத்திருந்தார். பழுத்ததும்... பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்."

வாயை மூடினார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"மேடம், கீழ இன்னொரு வரி இருக்கு!"

"படிங்க."

"அணில்... அவர்களுக்கு முன்பே வந்திருந்தது."

வையாபுரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் எடுத்தபோது அடி வரி அறுந்துபோயிருக்கிறது. இத்தனை நாள் அந்த அணில் இல்லாமலே கதையை முடித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடி மூக்கில் இறங்கியது. கோமளவல்லியும் சிரித்தார்.

பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வையாபுரி சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதில் பொடி எழுத்தில் இருந்த தன் பெயரைப் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். போகாமல் நின்றார்.

"அப்ப நான் மனப்பாடமாச் சொன்னது உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"கடைசி வரியை விட்டுட்டேன். அதுல மாட்டிக்கிட்டேன், இல்லையா மேடம்?"

"அந்த வரி வர்றதுக்கு முன்னாடியே தெரியும்ணே."

"எப்படி?"

கோமளவல்லி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"படிக்கிறவங்க எங்கயாவது ஒரு இடத்துல நிப்பாங்க. நீங்க நிக்கவே இல்ல."